அக்கா கேட்கச் சொன்ன கேள்விகள்

1

என் பாடத்திட்டத்தைப் பெரிய வாத்தியார் மேசையில் வைத்த நாளில், அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் படிக்கத் தொடங்கினார். பயிற்சி முடித்துக் காஜா பெராங் தமிழ்ப்பள்ளிக்கு நான் வந்த புதிது. நாட்டுக்கு மெர்டேகா, அதாவது சுதந்திரம், கிடைத்துவிட்டது, புதுப் புத்தகங்கள் வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. எங்கள் பெண்பிள்ளைகள் எதையும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். புத்தகத்தில் இல்லாத ஒன்றை எப்படித் தெரிந்துகொள்வது என்றால் விழிப்பார்கள். அதற்காகத்தான் ஆறாம் வகுப்புக்கு, கடைசிப் பீரியடில், 'கேள்விப் பாடம்' என்று ஒன்றை எழுதினேன்.

ஒருத்தி ஒரு கேள்வி கொண்டுவர வேண்டும். டீச்சர் பதில் சொல்லக் கூடாது. இது யாருக்குத் தெரியும், அவரிடம் எப்படிக் கேட்பது, அவர் சொன்னது சரிதானா என்று எப்படிப் பார்ப்பது, எல்லாவற்றையும் வகுப்பே தேட வேண்டும். வயதுக்கு வந்து வீட்டோடு நின்றுவிட்ட பிள்ளைகளையும் விட்டுவிடவில்லை. அவர்கள் தம்பி தங்கையிடம் கேள்வியைச் சொல்லி அனுப்பலாம். தேடும் வழியை நான் சொல்லி அனுப்புவேன்.

"ஏம்மா, பொம்பளப் பிள்ளைங்களுக்குக் கேள்வி கேக்கவா கத்துக் குடுக்கப் போற? வீட்ல எல்லாத்துக்கும் ஒரே பதில்தான் வச்சிருப்பாங்க," என்றார் பெரிய வாத்தியார். சொல்லிவிட்டுக் கையெழுத்தும் போட்டார்.

2

அந்தப் பாடத்தில் என் கெட்டிக்காரி தனலெட்சுமி. கடலோரக் கிணறு உப்புக் கரிக்கிறது, நம் குடியிருப்பில், இந்தக் கம்பத்தில், உள்ள கிணறு ஏன் கரிக்கவில்லை என்று கேட்டு, வகுப்பையே கிணறு கிணறாக அலையவிட்டவள். வருஷ நடுவில் அவளை நிறுத்திவிட்டார்கள். அவள் அப்பா ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தார். கடைக்கே போய்க் கேட்டுப் பார்த்தேன். மரியாதையாக உட்காரவைத்து, காப்பி வாங்கிக் கொடுத்து, முடியாது என்றார்.

ஆனால் கேள்விகள் நிற்கவில்லை. மூன்றாம் வகுப்பில் இருந்த தங்கை மரகதம் மணியடித்ததும் என் மேசைக்கு வந்து நிற்பாள். "அக்கா கேக்கச் சொன்னுச்சு டீச்சர்." முதலில் தையல் அளவு, தெர்மாமீட்டர் என்று வந்தன. பிறகு ஒருநாள், சிகாமட் இங்கிருந்து எவ்வளவு தூரம், மேப்பில் எப்படிப் பார்ப்பது என்று வந்தது. நூலை ரோட்டின் வளைவெல்லாம் ஒட்டிவைத்து, பிறகு நீட்டி அளவுகோட்டில் வைக்கக் காட்டிக் கொடுத்தேன். நூலையும் கொடுத்தனுப்பினேன். அப்புறம் பஸ் எங்கே மாறுவது, போட்ட கடிதம் எத்தனை நாளில் சேரும் என்றெல்லாம் வந்தன. வீட்டுக்குள் இருந்துகொண்டே பூகோளம் படிக்கிறாள் என்று ஆசிரியர் அறையில் பெருமையடித்துக்கொண்டேன்.

தீபாவளி கழிந்து, தனலெட்சுமிக்கு ஒரு பழைய அட்லஸ் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"தனமா? அது சிகாமட்ல எங்க அண்ணன் வீட்டுக்குப் போயி ரெண்டு மாசமாச்சே டீச்சர். ரப்பர் தோட்டத்துல புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் பால்மரம் வெட்டப் போயிடறாங்க, பிள்ளைங்கள பாத்துக்க ஆளில்ல. அங்கயே மூத்தவனுக்குப் பேசி முடிச்சிருவாங்க."

மரகதம் கதவோரம் நின்றாள். அப்படியானால் இத்தனை நாள் கேட்டது யார் என்றேன்.

"நான் ஸ்டாண்டர்ட் த்ரீதானே டீச்சர். எனக்குக் கேள்விப் பாடம் இல்லையே."

3

அடுத்த வாரம் மூன்றாம் வகுப்புக்கும் அந்தப் பாடத்தை வைத்தேன். முதலில் எழுந்தவள் மரகதம்.

"எங்க அக்கா திரும்பி வருமா டீச்சர்?"

விதிப்படி கரும்பலகையில் எழுதினேன். இது யாருக்குத் தெரியும் என்று வகுப்பைக் கேட்டேன்.

"அவங்க அம்மாவுக்கு," என்றாள் ஒருத்தி.

"கேட்டுட்டேன்."

"அப்பாவுக்கு?"

"கேட்டுட்டேன்."

மணியடித்ததும் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள்.

புதிதாகப் பயிற்சி முடித்து வரும் தோழிகளுக்கு ஒன்று சொல்வேன். கேட்கக் கற்றுத்தரும் பாடத்தைப் பெரிய வகுப்புக்கென்று ஒதுக்கி வைக்காதீர்கள். அது தேவைப்படும் பிள்ளை சின்ன வகுப்பில், வேறொருத்தி பெயரைச் சொல்லிக்கொண்டு நின்றிருப்பாள். அன்று நான் மரகதத்தின் கேள்வியை அழிக்காமல்தான் வீட்டுக்குப் போனேன். மறுநாள் கணக்குப் பாடத்துக்கு இடம் வேண்டும் என்று மரகதமே அதை அழித்துக்கொண்டிருந்தாள்.