உப்புமாக் கிறிஸ்துமஸ்

ரவை வறுபடும் வாசம் வந்தால் போதும், எனக்கு அது கிறிஸ்துமஸ் காலை. கடுகு வெடித்து, பச்சை மிளகாயின் நெடி கண்ணில் ஏறி, கொதிக்கிற தண்ணீரில் ரவை சரசரவென்று விழுகிற ஓசையோடுதான் என் சின்ன வயது டிசம்பர் இருபத்தைந்துகள் எல்லாம் விடிந்தன.

நாங்கள் கிறிஸ்தவர்கள்தான். ஆனால் எங்கள் சபையில் கிறிஸ்துமஸ் கிடையாது. அது "உலகத்தார்" பண்டிகை. நட்சத்திரம் கட்டக்கூடாது, கேக் தின்னக்கூடாது, அன்றைக்குப் புதுத்துணி உடுத்தினால் அதற்குப் பெயர் "இச்சை". சங்கரன்கோவிலில் தறிச் சத்தம் ஓயாத எங்கள் தெருவில், மார்கழிக் கோலங்களும் எதிர்வீட்டு டீச்சர் கட்டிய சிவப்பு நட்சத்திரமுமாக எல்லா வாசலும் எதையோ சொல்லிக்கொண்டிருக்க, எங்கள் வாசல் மட்டும் தண்ணீர் தெளித்த ஈரத்தோடு வாயை மூடிக்கொண்டு கிடக்கும்.

தறி ஓட்டுகிற அப்பாவுக்கு அந்த நாள் சாதாரணமாக இருந்தால் போதாது, மற்ற நாட்களைவிடச் சாதாரணமாக இருக்கவேண்டும். அம்மா முந்தின நாள் ஆட்டிவைத்த மாவு பொங்கி நின்றாலும் மூடிவைத்துவிட்டு உப்புமாதான் கிண்டவேண்டும். பஞ்சுபோல இட்லி அவித்தால் பண்டிகை கொண்டாடியதாகத் தெருவில் நினைத்துவிடுவார்களாம். சட்னிகூடக் கிடையாது. "வேதத்துல தேதி எங்கன போட்டிருக்கு? காட்டு, நானே நட்சத்திரம் கட்டுதேன்" என்பார்.

பக்கத்துவீட்டுச் செண்பகத்தக்கா வாயில் கேக்கை வைத்துக்கொண்டே என்னைக் கேட்பாள்: "ஏட்டி, கோயிலுக்குப் போற நாங்க டீச்சர் வீட்டுக் கேக்கு திங்கோம். பண்டிகைக்குச் சொந்தக்காரவுங்க நீங்க உப்புமா திங்கிய. பொறந்த பிள்ள மேல உங்கப்பாவுக்கு என்னட்டி கோவம்?"

டீச்சர் முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்குமாக எங்களுக்கும் தட்டு கொண்டுவருவார். அம்மா தொடமாட்டாள். "கோவிச்சுக்கிடாதீங்க டீச்சர், எங்களுக்கு ஆகாது" என்பாள், சர்க்கரை வியாதிக்காரி சொல்வதுபோல. பொழுது சாய்ந்ததும் அப்பா தெருப்பக்கச் சன்னலை அடைத்துவிடுவார். கொண்டி விழுகிற அந்தச் சத்தம் இன்னும் என் பல்லில் கூசுகிறது. அப்படியும் கதவிடுக்கு வழியாக நட்சத்திரத்தின் சிவப்பு ஒரு கோடாக உள்ளே வந்து சுவரில் விழும். அதற்குக் கீழே கையை நீட்டினால் கை சிவக்கும். அப்பாவின் இருமல் கேட்டதும் கையை இழுத்துப் பாவாடையில் துடைத்துக்கொள்வேன், வெளிச்சம் ஒட்டியிருக்குமோ என்று.

கல்யாணமாகி நெடுநாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகாமல் இருந்து பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. வெயில் அடித்தது, பால்காரர் வந்தார். அடுத்த ஞாயிறும் போகவில்லை.

நட்சத்திரம் அவ்வளவு சுலபமாக வரவில்லை. முதல் வருஷம் வாங்கிவந்து அடுப்படிக்குள், மிக்ஸிக்கு மேலே, யாரும் பார்க்காத இடத்தில் கட்டினேன். மறு வருஷம் சன்னலுக்கு வந்தது. அதன்பிறகே வாசலுக்கு. குக்கரில் மணல் பரப்பி, புளியங்குடி எலுமிச்சையின் தோலைத் துருவிப் போட்டு நானாகவே ஒரு கேக் பழகினேன். தெருவெல்லாம் தட்டு கொடுத்தனுப்பி, அவை பொங்கலுக்குள் ஏதாவது ஒன்றை ஏந்தித் திரும்பிவருவதை ருசித்தேன். ஆனால் கிறிஸ்துமஸ் காலையில் மட்டும் கை தானாக ரவை டப்பாவுக்குத்தான் போகும். "கேக்குக்குத் தொட்டுக்கிட உப்புமாவா?" என்று வீட்டுக்காரர் சிரிப்பார். விடமுடியவில்லை.

அம்மாவைத்தான் விட்டிருந்தேன். அப்பா போனபின் வாசுதேவநல்லூரில் தம்பியோடு இருந்தாள், சபையை விடவில்லை. நட்சத்திரம் கட்டிய வீட்டில் கை நனைக்கக்கூடாது என்று அங்கே சொல்லியிருந்தார்கள். டிசம்பர் பிறந்தால் வரமாட்டாள்; போன்கூட நின்றுவிடும். வாசலில் நட்சத்திரம் எரிகிற நாளெல்லாம் எனக்கு அம்மா இல்லை. ஒவ்வொரு வருஷமும் சுவிட்சில் கைவைக்கும்போது, இதற்கு அதுதான் விலையா என்று ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போடுவேன்.

போன வருஷம் அந்த நாள் காலையில், சபைக்கு உடுத்துகிற அதே வெள்ளைச் சேலையோடும் ஒரு மஞ்சப்பையோடும் அவள் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து நட்சத்திரத்துக்கு நேர்க்கீழே நின்றாள். நான் பதறி அதை அணைக்க ஓடினேன்.

"கெடக்கட்டும்ட்டி. அது என்ன செய்யுது?" என்றாள். அப்புறம் மூக்கை உறிஞ்சினாள். "ரவையக் கருக விட்டுட்டியே, மூதி."

நேராக அடுப்படிக்குப் போய்க் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். சாப்பிட உட்கார்ந்ததும், கேக் தட்டைப் பார்த்துவிட்டு, "கேக்கு வேண்டாம். உப்புமா திங்கலாம். அது நம்ம வழக்கந்தான?" என்றாள்.

"வருஷா வருஷம் இதே நாள்ல, தவறாம, வேற எதுவும் திங்காம உப்புமாத்தான். அப்ப அதுக்குப் பேரு என்னம்மா?"

அவள் கை வாய்க்குப் போகும் வழியில் நின்றது. யோசித்தாள். பிறகு தோள் குலுங்கச் சிரித்தாள், புரையேறும்வரை. "நல்லவேள உங்கப்பாகிட்ட யாரும் இதச் சொல்லல. மறு வருஷமே இட்லிக்கு மாத்தியிருப்பாவ!"

நெஞ்சுக்குள் இத்தனை வருஷம் மாட்டிக்கிடந்த ஒரு கொண்டி கழன்றுவிட்டதுபோல இருந்தது எனக்கு.

எங்கள் பழைய வீடு இப்போது இல்லை. அந்தச் சன்னலும் இடித்த மண்ணோடு போயிற்று, வருத்தமில்லை. அன்று பொழுது சாய்ந்ததும் அம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நட்சத்திரத்தின் சிவப்பு வெள்ளைச் சேலை முழுக்க இறங்கிப் பரவியது. குனிந்து மடியைப் பார்த்தாள். துடைத்துக்கொள்ளவில்லை.