பாப்பாவுக்காகச் சாத்திய கதவு

காலையில் எழுந்து சிமெண்டுத் தரையில் பாதத்தை வைத்தால் சுரீரென்று முழங்கால் வரை ஏறும் குளிர், எனக்குத் தெரிந்து ஒரே ஒரு மார்கழியில்தான் எங்கள் பிள்ளையார்பாளையத்துக்கு வந்தது. பத்து மணி வரை பனி விலகாது. தறியில் நீண்டு கிடக்கும் பட்டு இழைகள் ஈரத்துணி போலச் சில்லிட்டிருக்கும். அந்தக் குளிரில்தான் நாள் நிறையாமல் எட்டாம் மாதத்திலேயே பிறந்த என் தங்கை வீட்டுக்கு வந்தாள். முறத்தில் படுக்க வைத்தால் முறத்தில் இன்னும் இடமிருக்கும், அவ்வளவுதான் அவள். "ஒடம்பு சில்லுன்னு ஆனா புள்ள தங்காதும்மா" என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

எங்களுடையது ஒரே அறை. பாதியை அப்பாவின் தறி அடைத்துக்கொண்டிருக்கும். மீதியில் "பச்சை ஒடம்புக்காரி"யான அம்மாவும் பாப்பாவும் படுத்திருந்தார்கள். ஈரம் ஏறினால் பட்டு இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பதால், பனிக்காலத்தில் தறிக்கடியில் "கரிச்சட்டி" வைப்பது எங்கள் தெரு வழக்கம். அடுப்புக்கரியை வாசலில் கனிய விட்டு, புகை அடங்கிச் சிவந்த கங்குகளை மட்டும் உள்ளே கொண்டுவருவார்கள். நெய்ய வெளிச்சம் வேண்டுமென்று கதவும் ஜன்னலும் எப்போதும் திறந்தே இருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. அந்த வருடம் அப்பா சட்டியைப் பாப்பாவின் பக்கம் நகர்த்தினார். ஜன்னலைச் சாக்கால் அடைத்தார். கதவைச் சாத்தி, விளக்கைப் போட்டுக்கொண்டு நெய்தார். "பொகைதான் இல்லியே" என்று அவருக்குத் திருப்தி.

ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த நான் கதவை அகலத் திறந்து போட்டதற்கு முதுகில் ஒன்று வைத்தார். "பனிக்காத்து பூந்து புள்ளைக்கு எதனா ஆச்சுன்னா இன்னாடி பண்ணுவ? இனிமே கூப்புடாம உள்ள வந்தே, தொலைச்சிடுவேன்!" அதுவரை என்னை அடித்தே அறியாத அப்பா. எனக்கு வயது ஒன்பது. ரோஷம் மட்டும் வயதுக்கு மீறி இருந்தது.

மறுநாள் காலை பால் வாங்கி வந்தவள், கதவைத் தொடாமல் வாசலிலேயே நின்றேன். அவரே கூப்பிடட்டும், அப்புறம் போகலாம். உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. போகப் போக ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே இடைவெளி நீண்டது; பிறகு சத்தம் நின்றே போனது. அப்பா எழுந்து கதவைத் திறக்க வருகிறார் என்று முகத்தை இன்னும் உம்மென்று வைத்துக்கொண்டேன். வரவில்லை. பாப்பா பூனைக்குட்டி மாதிரி அழுதாள். அம்மா ஏன் தூக்கவில்லை என்று தோன்றியது, தோன்றியும் நின்றேன். அப்புறம் அந்த அழுகையும் நின்றது.

கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். அப்பாவின் தலை நெய்த சேலையின் மேலேயே சாய்ந்திருந்தது. அம்மா எழ முயன்று சுவரோரம் சரிந்து கிடந்தாள். துணியோடு பாப்பாவை வாரிக்கொண்டு, எந்தப் பனிக்குப் பயந்து கதவைச் சாத்தினார்களோ அந்தப் பனிக்குள்ளேயே ஓடி வந்து கத்தினேன். எதிர்வீட்டு அத்தை பாப்பாவைப் பிடுங்கி உள்ளங்காலைச் சுண்டினாள். "அழுடி, அழுதுடுடி கண்ணு!" என்று அவளும் அழுதாள். தெருவே திரண்டு அப்பாவையும் அம்மாவையும் வெளியே இழுத்துப் போட்டது. எவ்வளவு நேரமோ, பாப்பா ஒரு முறை விக்கி, வீறிட்டாள்.

மூவரும் பிழைத்தார்கள். புகையில்லாத கங்கிலிருந்தும் நச்சுக்காற்று வரும், மூடிய அறையில் அது ஆளைக் கொல்லும் என்று டாக்டர் சொன்ன பிறகு, அந்தக் குளிர் முடியும் வரை அப்பா நெய்யத் தறிக்குழியில் இறங்கவில்லை. பாப்பாவைச் சட்டைக்குள் நெஞ்சோடு போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்தபடியே உட்கார்ந்திருந்தார்.

இப்போது அந்த அறையில் டைல்ஸ் போட்டாயிற்று. கரிச்சட்டி வைப்பவர்கள் தெருவில் யாருமில்லை, அப்பாவும் போய்விட்டார். "எம் மூத்த பொண்ணு ஓடியாந்து கதவத் தொறந்துச்சுப்பா, அதான் எல்லாரும் இருக்கோம்" என்று கடைசி வரை பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதையே இன்று என் தங்கை தன் பிள்ளைகளுக்குச் சொல்கிறாள், அவர்கள் என்னை வந்து கட்டிக்கொள்கிறார்கள். அப்பாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவளிடமாவது சொல்லிவிட வேண்டும். நான் ஓடி வரவில்லை பாப்பா. உன் அழுகை நிற்கும் வரை வாசலில்தான் நின்றிருந்தேன்.