செல்வம் அண்ணனுக்கு இனிப்பு கொடுக்காதீர்கள்

போன திங்கட்கிழமை காலை, மாரிகுப்பத்திலிருந்து பெங்களூர் போகும் ரயிலில், நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு மனிதருக்கு இனிப்பு கொடுக்க மறுத்தோம். ரொம்ப அன்பாக மறுத்தோம். கேளுங்கள், எவ்வளவு அன்பு என்று.

கோலார் தங்கவயலில் பாதிப் பேருக்கு விடிவது ரயிலில்தான். எங்கள் கூட்டத்தில் யாரும் வீட்டில் டிபன் சாப்பிடுவதில்லை. பங்காருபேட்டை தாண்டியதும் எல்லா டப்பாவும் ஒன்றாகத் திறக்கும். யார் வீட்டு இட்லி, யார் வீட்டுச் சட்னி – அந்தக் கேள்வியே கிடையாது.

செல்வம் அண்ணனுக்குத் தங்கவயலில் ஸ்கெலட்டன் என்ற பகுதியில் வீடு, வொயிட்ஃபீல்டு பக்கம் ஒரு கம்பெனியில் லேத் வேலை. சர்க்கரை நோய் பழசு. இன்சுலின் ஊசி புதுசு. ஊசி சேதி தெரிந்த அன்றே பெட்டியில் தீர்மானம் போட்டோம். அண்ணன் கண்ணெதிரே ஒருவரும் இனிப்பு திறக்கக் கூடாது. பிறந்தநாள் கேக்கா, கோயில் லட்டா... எதுவுமே. டீக்காரரிடமும் சொல்லிவைத்தோம்: "அவரே கேட்டாலும் சக்கர போடாதீங்க."

நான் சும்மா இருப்பேனா? வீடியோ, கட்டுரை, கிளைசெமிக் இண்டெக்ஸ் என்று கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டு அவருக்கு தினமும் வகுப்பு எடுத்தேன். "இன்னா தீபா, இன்னிக்கு என் தோசைக்கு எத்தினி மார்க்கு?" என்பார் சிரித்துக்கொண்டே. ராகி தோசையானாலும் அளவு உண்டு அண்ணா என்பேன்.

ஆனால் ஒன்றை மட்டும் நாங்கள் யாரும் கேட்கவில்லை. ஊசியை எப்போது, எங்கே போடுகிறார்?

வீட்டிலேயே. ரயிலில் அத்தனை பேர் நடுவே சட்டையைத் தூக்க வெட்கம். அதனால் கிளம்பும்போதே குத்திக்கொண்டு, சாப்பாட்டை மட்டும் எங்களுக்காகத் தள்ளிவைத்திருக்கிறார். சாப்பாட்டை ஒட்டிப் போட வேண்டிய ஊசி அது. ரயில் ஒழுங்காக ஓடியவரை உடம்பு எப்படியோ சமாளித்தது.

அந்தத் திங்கட்கிழமை ரயில் ஒழுங்காக ஓடவில்லை.

பங்காருபேட்டையில் பயங்கரக் கூட்டம். "ஸ்வல்ப ஜருகி, ஸ்வல்ப ஜருகி" – கொஞ்சம் நகருங்கள் – என்று கன்னடத்தில் சொல்லிக்கொண்டே நெருக்கித் தள்ளி ஏறினார்கள். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண்ணுக்கு அண்ணன் தன் இடத்தைக் கொடுத்துவிட்டு நின்றார். டப்பாவைத் திறக்கக் கையை அசைக்க முடியவில்லை. மாலூருக்கு முன்னால் சிக்னலில் நின்ற ரயில்... நின்றது நின்றதுதான்.

"யாருனா ஸ்வீட் வெச்சினு கீறீங்களா?" – செல்வம் அண்ணன்தான் கேட்டார்.

எங்கள் கூட்டமே சிரித்தது. ரமேஷுக்குக் கேட்க வேண்டுமா? ஐடி கம்பெனி கேன்டீனில் வேலை; வாய் மட்டும் லீவே எடுக்காது. "ஆசைய பாரு அண்ணனுக்கு. அண்ணிக்கு போன் போடட்டா?"

"வெளயாடாதடா. கையெல்லாம் நடுங்குது. இன்னாவோ மாதிரி கீது."

"நடுங்குற கைக்கு ஸ்வீட்டாண்ணா? புது வைத்தியமா கீதே."

கூட்டத்தில் சிக்கி நின்ற டீக்காரர் பக்கம் அண்ணன் திரும்பினார். "சக்கர போட்டு ஒரு டீ குடுப்பா."

"உங்களுக்குக் குடுக்கக் கூடாதுன்னு ஆர்டர் சார்."

மறுபடியும் சிரிப்பு. அதில் என் சிரிப்பும் இருந்தது.

காலைக் குளிரிலும் அண்ணன் சட்டை வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. என்னையே உற்றுப் பார்த்தார். "கவிதா, ஸ்கூல் வந்துட்ச்சி பாரு. எறங்கு, எறங்கு."

கவிதா அவருடைய மகள்.

சொல்லிவிட்டு, கூட்டத்தை விலக்கி வாசலை நோக்கி நடந்தார். வெளியே ஸ்டேஷன் இல்லை. பக்கத்துத் தண்டவாளம்தான் இருந்தது.

ரமேஷ் பாய்ந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. சர்க்கரை ஏறுவதைப் பற்றி அவ்வளவு படித்தேனே... இறங்கினால் என்ன ஆகும் என்பதும் அதே கட்டுரைகளில்தானே இருந்தது?

"சுகர் எறங்கிட்ச்சி. யாருகிட்ட ஸ்வீட் இருந்தாலும் குடுங்க, சீக்கிரம்."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு பைகள் திறந்தன.

எங்கள் கூட்டத்து ரோஸி அக்கா பையிலிருந்து ஒரு மாம்பழ ஜூஸ் பாக்கெட். ரமேஷ் பையிலிருந்து கடலை மிட்டாய். எங்கிருந்தோ தேங்காய் பர்பி, யார் வீட்டு வளைகாப்பு லட்டோ... வொயிட்ஃபீல்டில் அண்ணன் இறங்கிய பிறகு நாங்கள் தினமும் நடத்தும் ரகசிய விருந்து அது. அவர் மனசு ஏங்கக் கூடாதே என்று ஒளித்துவைத்துத் தின்றோம்.

குழந்தையோடு இருந்த பெண் எழுந்து இடம் விட்டாள். அண்ணனை உட்காரவைத்தோம். நினைவு இருந்தது, விழுங்க முடிந்தது – அதனால் ஜூஸ் கொடுத்தோம். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, இதையும் தெரிந்துகொள்ளுங்கள். ரோஸி அக்கா முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "முழுங்குங்கண்ணா... அவ்ளோதான்... இன்னும் கொஞ்சம்."

அவர் கை என் கைக்குள் ஜில்லென்று இருந்தது. வீட்டில் அண்ணி இப்போது கவிதாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருப்பார் என்ற நினைப்பு வந்தது. அந்தக் காத்திருப்பு எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. நடுக்கம் மெல்லக் குறைந்தது. கண் ஓரிடத்தில் நிலைத்தது.

"தீபா" என்றார்.

என் பெயரை அதுவரை யாரும் அவ்வளவு அழகாகக் கூப்பிட்டதில்லை.

பிறகு மடியில் குவிந்திருந்ததைப் பார்த்தார். லட்டு, பர்பி, கடலை மிட்டாய். "இன்னாடா இது, கல்யாண வீடா? இவ்ளோத்தையும் நா எறங்கினப்பறம் துன்னுகினு கீறீங்களா?" ரமேஷ் பதில் சொல்ல வாயெடுத்தான், அழுதுவிட்டான்.

தோசையை ரோஸி அக்கா ஊட்டிவிட்டார். அன்று நான் மார்க் போடவில்லை.

சாயங்காலமே டாக்டரிடம் போனார். சாப்பாடு கண்ணெதிரே இருந்தால்தான் ஊசி என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். இப்போது பங்காருபேட்டைக்கு அப்புறம் டப்பாக்கள் திறக்கும்போது ரமேஷ் துண்டை விரித்துப் பிடிக்கிறான். அதற்குப் பின்னால் அண்ணன் நிதானமாக ஊசி போட்டுக்கொள்கிறார். சட்டைப் பையில் எப்போதும் குளுக்கோஸ் பொட்டலம்.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. வாய்விட்டுக் கேட்டாரே... எங்கள் தீர்மானத்தை நம்பினோம், அவரை நம்பவில்லை. உங்கள் வீட்டில் சர்க்கரை நோய்க்காரர் இருக்கிறாரா? அவர் தட்டைப் பார்க்கும்போது கொஞ்சம் முகத்தையும் பாருங்கள்.

நேற்று அண்ணி போன் செய்தார்: "அவரு கேட்டா குடுத்துடு தீபா. கேக்காம எடுத்தாருன்னா மட்டும் எனக்கு சொல்லு."