நோய்களுக்கு ஸ்பெல்லிங் தெரிந்த அக்கா

எங்கள் ஆஸ்பத்திரியில் ரெக்கார்ட்ஸ் ரூம் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. உயரமானவர்கள் இரண்டாவது அலமாரியைத் தாண்டும்போது தலையைக் குனிந்துதான் ஆக வேண்டும். உள்ளே இரண்டே மேஜைகள். ஒன்றில் நான் பழைய ஃபைல்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். எதிர் மேஜை, நான் அக்கா என்று கூப்பிடும் டைப்பிஸ்டுடையது. வீட்டுக்குப் போகும் நோயாளியின் கையில் டிஸ்சார்ஜ் சம்மரி என்று ஒரு தாள் கொடுப்பார்கள் இல்லையா, என்ன நோய், என்ன வைத்தியம் என்று? டாக்டர்கள் அதைப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அக்கா இயர்ஃபோனில் கேட்டு டைப் அடிப்பாள். காலடியில் ஒரு பெடல். மிதித்தால் டாக்டரின் குரல் ஓடும். காலை எடுத்தால் நிற்கும். பின்பக்கம் அழுத்தினால் சொன்னதையே திரும்பச் சொல்லும்.

"டாக்டருங்களை வாயை மூட வைக்கிற ஒரே ஆள் நான்தான்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

பத்தொன்பது வருஷமாக அதே நாற்காலி. ஆஸ்பத்திரி முழுக்க அவளுக்கு டிக்‌ஷனரி என்றுதான் பெயர். புதிதாக வரும் சின்ன டாக்டர்களுக்கு ஏதாவது நோயின் பெயரை எழுதச் சந்தேகம் வந்தால் கீழே இறங்கி வந்து கதவுக்குள் தலையை நீட்டுவார்கள். அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் எழுத்து எழுத்தாகச் சொல்லுவாள். இருபது எழுத்து வார்த்தையானாலும் மூச்சு வாங்காது.

ஒரே ஒரு குறை. அதில் ஒன்றுக்கும் அவளுக்கு அர்த்தம் தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டிருக்கிறேன்.

"அதெல்லாம் நமக்கெதுக்குடி? தபால்காரர் லெட்டரைப் பிரிச்சுப் படிச்சுட்டா குடுக்கறாரு?" என்றாள்.

இது அவள் சொந்தக்காரர்களுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள் பாதி டாக்டர் என்பது அவர்கள் கணக்கு. நாத்தனார், ஓரகத்தி, பக்கத்து வீட்டு டீச்சர் என்று ஆளாளுக்கு ஃபோன் செய்வார்கள். முட்டி வலியோ, நெஞ்செரிச்சலோ, அக்காவிடம் ஒரே பதில்தான். "பயப்படாதீங்க, வெந்நீர் குடிங்க, சரியாகலன்னா டாக்டரைப் பாருங்க." அவள் வீட்டுக்காரர் டவுன் பஸ் டிரைவர். கிண்டல் பிடித்தவர். ஒரு நாள் அவளை அழைத்துப்போக வந்தவர் என்னிடம், "உங்க அக்கா மட்டும் கிளினிக் வெச்சா மருந்தே வாங்க வேண்டாம்மா. ஒரு அடுப்பும் கெட்டிலும் போதும்" என்றார்.

போன வருஷம் அக்கா இளைக்க ஆரம்பித்தாள். முதலில் முகம் சிறுத்தது. பிறகு இடுப்பு. வாட்ச் வாரில் புதிதாக ஓட்டை போட வேண்டி வந்தது. லேப்காரப் பெண்கள் வழிமறித்து ரகசியம் கேட்டார்கள். "லிஃப்ட்ல போறதில்ல, அவ்வளவுதான்" என்றாள் அக்கா. அது உண்மைதான். எங்கள் தளத்து பாத்ரூம் ரிப்பேர். முதல் மாடிக்குத்தான் போக வேண்டும். அக்கா மணிக்கு ஒரு தடவை படியேறினாள். மேஜையில் இருந்த சின்னத் தண்ணீர் பாட்டில் போய் ஒரு லிட்டர் வந்தது, அதுவும் போய் இரண்டு லிட்டர் வந்தது. "தண்ணி நிறைய குடிச்சா தோல் பளபளக்கும்" என்று எனக்கும் உபதேசம் நடந்தது. பளபளப்பு தெரிந்ததாக நானும் சொல்லி வைத்தேன். ஒரு நாளும் அவள் அவ்வளவு குஷியாக இருந்து நான் பார்த்ததில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சுகர் டாக்டரின் பதிவு வந்தது. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் எக்ஸ்பிரஸ். வார்த்தைக்கு வார்த்தை இடைவெளியே இருக்காது. அக்கா அடித்துக்கொண்டே வந்தவள் சட்டென்று பெடலிலிருந்து காலை எடுத்தாள். பின்பக்கம் அழுத்தினாள். கேட்டாள். மறுபடி அழுத்தினாள். மூன்றாவது தடவை இயர்ஃபோனில் ஒன்றைக் கழற்றி என் காதில் வைத்தாள்.

நாற்பத்தாறு வயதுப் பெண். மூன்று மாதமாக அதிக தாகம். அடிக்கடி சிறுநீர். ஏழு கிலோ எடை குறைவு. எடை குறைந்தது சந்தோஷமாக இருந்ததால் நோயாளி டாக்டரிடம் வரவில்லை.

"எனக்கு என்ன வயசு?" என்றாள் அக்கா.

"நாப்பத்தாறு."

"நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை மேல போறேன்?"

"எண்ணினதில்லக்கா. நேத்து டீ வர்றதுக்குள்ள நாலு தடவை போனீங்க."

அக்கா காலியான இரண்டு லிட்டர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். "தாகம், சிறுநீர், எடை. இந்த மூணையும் தினம் ஏழெட்டு தடவை டைப் அடிக்கிறேன்டி. எவளோ ஒருத்திக்குன்னு நெனச்சே அடிச்சிருக்கேன்" என்றாள். அதோடு எழுந்துவிடவில்லை. அந்தச் சம்மரியைப் பிழையில்லாமல் முடித்து, பிரிண்ட் எடுத்து வைத்துவிட்டுத்தான் கிளம்பினாள். துணைக்கு நானும் போனேன்.

இரண்டாம் மாடியில் நர்ஸ் விரலில் குத்திப் பார்த்தாள். சர்க்கரை முந்நூற்று நாற்பத்தெட்டு. இயல்பாக இருக்க வேண்டியதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். எக்ஸ்பிரஸ் டாக்டர் அக்காவை நிமிர்ந்து பார்த்தார். அவர் இவளைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"கீழ டைப்பிஸ்ட் நீங்கதானா?"

"ஆமா டாக்டர். ஒன்பது வருஷமா உங்க குரலைக் கேட்டுட்டுத்தான் இருக்கேன்."

டாக்டர் சிரித்துவிட்டு விளக்க ஆரம்பித்தார். வழக்கமான வேகம். பெரிய பெரிய வார்த்தைகள். அக்காவின் வலது கால் தன்னையறியாமல் தரையில் பின்பக்கமாக அழுத்தியதை நான் பார்த்தேன். டாக்டர் நிற்கவில்லை.

"டாக்டர்" என்று அவளே குறுக்கிட்டாள். "நீங்க சொன்ன எல்லாத்துக்கும் எனக்கு ஸ்பெல்லிங் தெரியும். அர்த்தம்தான் தெரியாது. எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

டாக்டர் நாற்காலியை மேஜைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சாப்பிடறது சர்க்கரையா மாறி ரத்தத்துல ஓடுது. அதை உடம்பு உள்ள இழுத்துக்கணும்னா இன்சுலின்னு ஒண்ணு வேணும். உங்களுக்கு அது சரியா வேலை செய்யல. அதனால சர்க்கரை ரத்தத்துலயே தேங்கிடுது. தேங்கினதை உடம்பு சிறுநீர்ல வெளிய தள்ளுது. கூடவே தண்ணியும் போயிடுது, அதான் தாகம். சாப்பிட்டது எதுவும் உடம்புல ஒட்டல, அதான் இளைச்சுட்டீங்க."

"அப்ப நான் அழகானது?"

"சுகர்தான்."

"இன்னும் ஒரு மாசம் கழிச்சு சொல்லியிருக்கலாம். தங்கச்சி வீட்டு விசேஷம் இருக்கு" என்றாள் அக்கா. நர்ஸுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. டாக்டருக்கும்தான்.

"இது போயிடுமா டாக்டர்?"

"பெரும்பாலும் கூடவே இருக்கும். ஆனா சொன்னபடி கேக்க வைக்கலாம். மாத்திரை, சாப்பாடு, நடை. மூணுல எதையும் விடக்கூடாது. விட்டா சத்தமில்லாம கண்ணு, கிட்னி, நரம்புன்னு கை வைக்கும். செருப்பைக் கழட்டுங்க."

அக்காவுக்கு எதற்கென்று புரியவில்லை. வலது குதிகாலில், பெடலின் விளிம்பு உரசும் இடத்தில், ஒரு புண். ஒரு மாதமாக ஆறாமல் இருந்திருக்கிறது. "வலிக்கவே இல்ல, அதான் விட்டுட்டேன்" என்றாள். டாக்டரின் முகத்தில் சிரிப்பு போயிற்று. "வலிக்காததுதான் தொந்தரவே. இனிமே தினமும் முகம் பாக்கற மாதிரி பாதத்தையும் பாருங்க." புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டார்கள். கீழே வந்ததும் நான் பெடலின் விளிம்புக்குப் பஞ்சு வைத்துத் துணி சுற்றினேன். நாலு வாரத்தில் புண் ஆறியது. அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னபோது மனுஷர் கிண்டல் செய்யவில்லையாம். காபி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய், சர்க்கரை போடாமல் இரண்டு பேருக்கும் புதிதாகக் கலந்து எடுத்து வந்தாராம்.

அதற்குப் பிறகு அக்காவின் வேலை வேகம் பாதியாகக் குறைந்துவிட்டது. ஒரு வார்த்தை அடிப்பாள், பெடலிலிருந்து காலை எடுப்பாள், இரண்டாம் மாடி நர்ஸுக்கு ஃபோன் போடுவாள். "இப்ப அடிச்சேனே, அப்படின்னா என்ன?" நர்ஸும் சலிக்காமல் சொல்லுவாள். மூச்சுக்குழாய் சுருங்குவது ஆஸ்துமா. இன்ஹேலர் பழக்கமாகி அடிமையாக்கிவிடும் என்பது வெறும் பயம். மருந்து நேராகப் போக வேண்டிய இடத்துக்குக் குறைந்த அளவில் போகிறது, அவ்வளவுதான். இப்படி ஒவ்வொன்றாக. அக்கா கேட்டதையெல்லாம் எனக்கு ஒப்பிப்பாள். பத்தொன்பது வருஷம் பூட்டியிருந்த வீட்டுக்குச் சாவி கிடைத்ததுபோல் அவளுக்கு ஒரே உற்சாகம்.

அப்படி இருக்கும்போதுதான் சலூன்காரர் வந்தார். எதிர்த்தெருவில் கடை வைத்திருப்பவர். இரண்டு நாள் முன்னால்தான் வார்டிலிருந்து வீட்டுக்குப் போயிருந்தார். கையில் டிஸ்சார்ஜ் சம்மரி. கண் கலங்கியிருந்தது.

"இதை அடிச்சது நீங்கதான்னு சொன்னாங்க. இதுல ஹார்ட் ஃபெயிலியர்னு போட்டிருக்காம். மாப்பிள்ளை படிச்சுச் சொன்னாரு. ஹார்ட் ஃபெயில் ஆயிடுச்சுன்னா அப்புறம் எத்தனை நாள்மா? எங்க அக்காவுக்குத் தகவல் சொல்லியாச்சு. ரயில் ஏறிட்டாங்க."

அக்கா அவரை நாற்காலியில் உட்கார வைத்தாள். இந்தத் தடவை வெந்நீர் பேச்சே எடுக்கவில்லை.

"அண்ணே, ஃபெயிலியர்னா நின்னு போச்சுன்னு அர்த்தம் இல்ல. நின்னிருந்தா நீங்க படியிறங்கி வந்து என்கிட்ட கேக்க முடியுமா? இதயம் பலமா அடிச்சு ரத்தத்தைத் தள்ளணும், உங்களுது கொஞ்சம் பலம் குறைஞ்சு தள்ளுது. அதான் கால்ல நீர் கோத்துக்கிச்சு, படுத்தா மூச்சு முட்டிச்சு. சரிதானே?"

"ஆமா."

"இப்ப?"

"இப்ப நல்லா தூங்கறேன்."

"மாத்திரை வேலை செய்யுது. விட்றாதீங்க. உப்பைக் குறைங்க. தினம் காலைல எடை பாருங்க. ரெண்டு மூணு நாளைக்குள்ள ரெண்டு கிலோ ஏறினாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே இங்க வந்துடுங்க."

சொல்லிவிட்டு, தான் சொன்னது சரிதானா என்று நர்ஸுக்கும் ஃபோன் போட்டு அவர் காதிலேயே வைத்தாள். நர்ஸ் சொன்னதைக் கேட்கக் கேட்க சலூன்காரரின் முகம் விரிந்தது. அங்கேயே நின்று ரயிலில் வரும் தன் அக்காவைக் கூப்பிட்டார்.

"எங்க வந்துட்டிருக்க? ... இறங்கிடாத, வா வா. ஒரு வாரம் இருந்துட்டுப் போ. ஆனா அழாம வா. ... ஆமா, பொழைச்சுதான் இருக்கேன். கடை திறக்கப் போறேன்."

அவர் போன பிறகு அக்கா அந்தச் சம்மரியைத் திரையில் மறுபடி திறந்து வரிவரியாகப் படித்தாள். "ஒரு எழுத்துப் பிழைகூட இல்லடி அந்தத் தாள்ல. அதைப் படிச்சு ஒரு குடும்பமே அழுதிருக்கு" என்றாள்.

மறுநாள் நேராக எக்ஸ்பிரஸ் டாக்டரிடம் போனாள். ஒவ்வொரு சம்மரியின் கடைசியிலும் ஜனங்கள் பேசுகிற பாஷையில் நாலு வரி வேண்டும் என்றாள். இது என்ன நோய், வீட்டில் என்ன செய்யணும், எப்போது ஓடி வரணும்.

"யார் எழுதறது?" என்றார் டாக்டர்.

"நீங்க சொல்லுங்க, நான் அடிக்கிறேன். புரியலன்னா திருப்பி அனுப்புவேன்."

நிஜமாகவே திருப்பி அனுப்பினாள். டாக்டரின் முதல் நாலு வரியில் மூன்று வரி அவருக்கு மட்டும்தான் புரிந்தது. 'உப்பைக் கட்டுப்படுத்தவும்' என்று ஒரு தடவை சொல்லியிருந்தார். "இப்படிச் சொன்னா உப்பு டப்பாவை அலமாரில வெச்சுப் பூட்டிட்டு ஊறுகாயை எடுத்து வெச்சுச் சாப்பிடுவாங்க டாக்டர். எதுல எல்லாம் உப்பு இருக்குன்னு சொல்லுங்க" என்று ஃபோனில் கண்டித்தாள். அவரும் பணிவாகப் பட்டியல் சொன்னார். இரண்டு மாதத்தில் மற்ற டாக்டர்களும் நாலு வரி சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். எக்ஸ்பிரஸ் இப்போது பாசஞ்சர் ரயில் வேகத்துக்கு வந்துவிட்டார் என்பது எங்கள் ரூமின் கணிப்பு.

வீட்டில்தான் அக்காவுக்குப் பெரிய சோதனை. டிப்போவில் டிரைவர்களுக்கு நடந்த மருத்துவச் சோதனையில் அவள் வீட்டுக்காரருக்கு பிரஷர் நூற்று எழுபது என்று வந்தது. "எனக்கு ஒண்ணுமே பண்ணலையே, மெஷின் கோளாறு" என்றார் அவர். மறுநாள் பார்த்தார்கள், மறுவாரமும் பார்த்தார்கள். மெஷின் பிடிவாதமாக அதையே சொன்னது. மாத்திரை கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் நூற்று முப்பதுக்கு வந்தது. உடனே மனுஷர் மாத்திரையை நிறுத்திவிட்டார். அட்டையில் மாத்திரை குறையாமல் இருந்ததை அக்கா கண்டுபிடித்தாள்.

"அதான் சரியாயிடுச்சே. இன்னும் எதுக்கு?" என்றாராம்.

"பஸ்ல பிரேக் நல்லா பிடிக்குதுன்னா, இனிமே வேண்டாம்னு பிரேக்கைக் கழட்டிப் போட்டுடுவீங்களா?"

டிரைவருக்கு அது சுருக்கென்று உறைத்துவிட்டது. "பிரஷர் இருந்தா தலைவலிக்கும், மயக்கம் வரும்னு நெனச்சேன்" என்று இழுத்தார். "அது பெரும்பாலும் ஒண்ணும் சொல்லாதுங்க. உள்ளயே ரத்தக்குழாயைக் கெடுத்துட்டு ஒரு நாள் பக்கவாதமாவோ ஹார்ட் அட்டாக்காவோ வந்து நிக்கும். மெஷின்தான் முன்கூட்டியே சொல்லுது" என்றாள் அக்கா. அன்று முதல் இரண்டு பேரும் காலையில் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் மாத்திரையை ஒருவர் எடுத்துக் கொடுக்கிறார்கள். யார் மறந்தாலும் அன்றைக்குப் பாத்திரம் கழுவுவது அவர்தான் என்பது மகள் போட்ட சட்டம். மகள் இதுவரை பாத்திரம் பக்கமே போகவில்லை என்று கேள்வி.

ஆறு மாதம் கழித்து அக்காவுக்கு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தச் சோதனை செய்தார்கள். முதல் தடவை பதினொன்றுக்கு மேல் இருந்தது, இப்போது டாக்டர் சொன்ன ஏழுக்கும் கீழே, ஆறு புள்ளி எட்டுக்கு வந்திருந்தது. இளைத்ததில் மூன்று கிலோ திரும்பி வந்துவிட்டது. "இது சொந்த உழைப்பு, ஒட்டும்" என்கிறாள்.

இப்போது சாயங்காலங்களில் புருஷனும் பெண்டாட்டியும் பூங்கா வரைக்கும் நடக்கிறார்கள். இருபது வருஷம் அந்த ரோட்டில் பஸ் ஓட்டிய பழக்கத்தில் அவர் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் தன்னையறியாமல் நின்றுவிடுகிறார். நின்றால் தெரிந்தவர் யாராவது இருப்பார், பேச்சுக் கொடுப்பார், பேசிக்கொண்டே கூட நடக்க ஆரம்பித்துவிடுவார். இப்படியே மூன்று பேர் ஐந்தாகி, போன வாரம் ஒன்பது பேர். சலூன்காரரும் மெதுவாகப் பின்னால் வருகிறார். நானும் சேர்ந்துகொண்டேன். முன்னால் போகும் அக்காவைப் பிடிக்க என்னால் முடியவில்லை.