மேற்குச் சுவரில் மணல்

வேலை செய்யும் இடத்தில் அவளுக்கு எறும்பு என்று பெயர். அவள் உட்கார்ந்து டீ குடித்ததை யாரும் பார்த்ததில்லை; ஒரு கையில் டம்ளர் இருந்தால் மறு கை உப்புத்தாளைத் தேய்த்துக்கொண்டிருக்கும். ஒன்பது வருஷம் ஒரு பெயிண்டிங் காண்டிராக்டரிடம் பிரஷ் பிடித்தவள், இப்போதுதான் முதல் முறையாகத் தன் பொறுப்பில் ஒரு வீட்டை எடுத்திருந்தாள். வீடு ஒரு டீச்சருடையது. சுவர் பூசிய கொத்தனார், எறும்பின் கணவன்.

"புருஷன் பூசுவாராம், பொண்டாட்டி அடிப்பாளாம், நடுவுல நான் மாட்டிக்கிட்டேன்" என்று டீச்சர் சிரிப்பார்.

பூசி ஒரு மாதம் ஆகியிருந்தது. ஈரம் போய்விட்டதா என்று பார்க்க, முந்தின நாளே ஒவ்வொரு சுவரிலும் ஒரு பிளாஸ்டிக் தாளை டேப் போட்டு ஒட்டியிருந்தாள். காலையில் பிரித்தால் ஒரு பொட்டு ஈரம் இல்லை. நிம்மதியாகப் பிரைமர் டப்பாவைத் திறந்திருக்கலாம். ஆனால் அவள் கை சும்மா இருக்குமா? வெளிப்பக்கம் போய் மேற்குச் சுவரைச் சாவியால் லேசாகக் கீறினாள். மணல் பொலபொலவென்று கொட்டியது. இரண்டடி தள்ளிக் கீறினாள். அங்கும் அதே கதை.

புதுப் பூச்சுக்கு ஏழு நாளாவது தண்ணீர் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் சிமெண்ட் இறுகாது. இந்தச் சுவரைப் பூசிய வாரம் நாலு நாள் அவன் வேறு இடத்தில் தளம் போடப் போயிருந்தான். "தண்ணி விட்டீங்களா?" என்று அப்போதே கேட்டாள். "விடாம இருப்பேனா? என் வேலையை எனக்கே சொல்லித் தர்றியா?" என்று எரிந்து விழுந்தான். அவளும் நம்பித் தொலைத்தாள்.

மேலே பெயிண்ட் அடித்து மூடினால் இன்றைக்குப் பளபளக்கும். ஆறு மாதத்தில் பொருக்குப் பொருக்காக உரியும். அப்புறம் எறும்பை யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்? வாயைத் திறந்தாலோ கட்டியவன் பெயர் கெட்டுவிடும். மாடிக்கு ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். கழுவிய பிரஷ்ஷையே திரும்பக் கழுவினாள். மதில் பூசிக்கொண்டிருந்த கணவன் எட்டிப் பார்த்தான். சுவரடியில் கிடந்த மணலைப் பார்த்தான். பார்க்காதவன் மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

டீச்சர் வந்துவிட்டார். "என்னம்மா, இன்னும் ஆரம்பிக்கலையா?"

"மேற்குச் சுவத்துல நான் பெயிண்ட் அடிக்க மாட்டேன் டீச்சர். பூச்சு சரியில்ல. கொத்தி எடுத்துட்டு மறுபடி பூசணும்."

"பூசினது உன் வீட்டுக்காரர்தானே?"

"ஆமா. அதனாலதான் சொல்றதுக்கு இவ்வளவு நேரம் ஆச்சு."

மதிலடியில் இதைக் கேட்ட அவன் பூச்சுக் கரண்டியைச் சட்டியில் வீசிவிட்டுத் தெருவில் இறங்கிப் போய்விட்டான்.

அன்று இரவு வீட்டுக்கு வந்தவன் சாப்பிடாமலே படுத்துக்கொண்டான். மறுநாள் அவள் கண் விழித்தபோது பக்கத்தில் அவன் இல்லை, செருப்பும் இல்லை. கோபித்துக்கொண்டு எங்கேயாவது கிளம்பிவிட்டானோ என்று பயந்தாள். முகம்கூடக் கழுவாமல் பஸ் நிலையத்துக்கு ஓடினாள். அங்கே அவனைக் காணோம். டீச்சர் வீட்டுத் தெருவில் திரும்பும்போதே சுத்தியல் சத்தம் கேட்டது.

சாரத்தில் நின்று உளியால் மேற்குச் சுவரைக் கொத்திக்கொண்டிருந்தான். புருவம் வரைக்கும் தூசி. பாதிச் சுவரில் செங்கல் தெரிந்தது.

"நாளைக்குப் பூசிடுவேன்" என்றான், திரும்பாமலே. "ஏழு நாளும் நீயே தண்ணி ஊத்து. என்னை நம்பாத."

"நம்பினதாலதாங்க அந்த நாலு நாளும் நான் வந்து பாக்கல" என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

சுத்தியல் நின்றது. அவன் சாரத்திலேயே தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டான்.