பன்னிரண்டு எவர்சில்வர் டம்ளர்

கடுகெண்ணெய் காயும் வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு இன்றும் காலில் சேறு ஒட்டியிருப்பது போலத் தோன்றும். பொங்கல் முடிந்த மறுவாரம், திருப்புலிவனத்தைத் தாண்டி இருக்கும் எங்கள் ஊரில், கழனிகளுக்கு நடுவே நின்ற பம்ப்செட் கொட்டகையிலிருந்து அந்த வாசனை முதன்முதலாக வந்தபோது, யாரோ மருந்து காய்ச்சுகிறார்கள் என்றுதான் காலனியில் நாங்கள் நினைத்தோம். எனக்கு அப்போது பத்து வயது. ஓடிப்போய்ப் பார்த்தால், பன்னிரண்டு ஆண்கள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உருளைக்கிழங்கு வதக்கிக்கொண்டிருந்தார்கள். நாற்று நடுவதற்காக வங்காளத்திலிருந்து ரயிலேறி வந்தவர்கள். ஊர் அவர்களுக்கு "இந்திக்காரனுங்க" என்று பெயர் வைத்தது. அவர்கள் பேசியது இந்தி இல்லை என்று தெரிய எனக்குப் பல வருடங்களும் சில ரயில்களும் தேவைப்பட்டன.

நடவு எங்கள் பக்கம் பெண்கள் வேலை. என் அம்மா சாந்தி, காலனிப் பெண்கள் பதினான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு போய் நட்டுக் கொடுப்பாள். கழனிகளின் சொந்தக்காரரை ஊரே "நைனா" என்று கூப்பிடும். அவருடைய முன்னோர்கள் எப்போதோ தெலுங்குப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். வீட்டுக்குள் இன்னும் தெலுங்குதான். எங்கள் தெருவில் யாரும் எங்கிருந்தும் வந்ததாக ஒரு கதையும் இல்லை, ஆனாலும் அங்கே ஒருவருக்கும் ஒரு சென்ட் நிலம் கிடையாது.

அம்மா நைனா வீட்டு கேட்டுக்கு வெளியே போய் நின்றாள். நானும் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எங்கம்மா காலத்துலேர்ந்து நாங்கதான நட்டுக்கினு கீறோம் நைனா. இப்போ இவங்கள இட்டாந்துட்டா நாங்க எங்க போறது?"

"கூப்ட்ட நாளுக்கு நீங்க வர்றதில்ல. பாதிப் பேரு நூறு நாள் வேலைக்குப் போயிட்றீங்க. அவனுங்க விடியறதுக்குள்ள கழனில நிக்கறானுங்க" என்றார் நைனா. கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு இறங்கி வந்தார். மேற்கே இருக்கும் மூன்று கழனிகளைப் பெண்கள் நடலாம், மீதி எல்லாம் வங்காளத்துக்காரர்களுக்கு. அவர்கள் முடிப்பதற்குள் இவர்கள் முடித்துவிட்டால் அடுத்த போகமும் அந்த மூன்றும் பெண்களுக்கே. இல்லையென்றால் இதோடு சரி.

அவர்கள் நட்டதை நான் எப்படிச் சொல்வேன்! இடது கையில் நாற்று முடிச்சு, வலது கைக் கட்டைவிரல் கண் பார்க்காமலே இரண்டு நாற்றைப் பிரித்தெடுக்கும், "சப் சப்" என்று சேற்றில் இறங்கும், அதற்குள் கால் ஒரு எட்டு பின்னால் போயிருக்கும். பன்னிரண்டு முதுகுகள் ஒரே வரிசையில் பின்வாங்கப் பின்வாங்க, அவர்களுக்கு முன்னால் பழுப்புத் தண்ணீர் பச்சையாகிக்கொண்டே வந்தது. யாரோ பாயை விரித்துக்கொண்டே போவது போல இருந்தது. ஒரு ஆண் குனிந்து நடுவதையே நான் அதுவரை பார்த்ததில்லை.

"ஏ சாந்தி, இவனுங்களுக்கு இடுப்பெலும்பே இல்லியா?" என்றாள் எங்கள் கூட்டத்தில் மூத்தவளான ராணி அத்தை.

"வாயால நடாத அத்த, கையால நடு" என்றாள் அம்மா. ஆனால் அவளும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கொத்தாக வைக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, அவர்களைப் போலவே இரண்டிரண்டாக வைக்க ஆரம்பித்திருந்தாள்.

பதினோரு மணிக்கு நைனாவின் சம்சாரம் டீ கொண்டுவந்தார். எங்கள் பெண்களுக்கு எப்போதும் போலப் பேப்பர் கப். வங்காளத்துக்காரர்களுக்கு வீட்டு எவர்சில்வர் டம்ளர், பன்னிரண்டு, வெயிலில் கண் கூசும்படி. அந்த டம்ளர்களை நாங்கள் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறோம், தொட்டதில்லை. எங்களுக்கில்லாதது இந்த ஊர் பெயரைக்கூடச் சொல்லத் தெரியாதவர்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று அம்மாவைக் கேட்டேன்.

"அவனுங்க எந்தத் தெருன்னு இங்க யாருக்கும் தெரியாதுடி" என்றாள்.

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். போதுமான அளவு தூரம் போய்விட்டால் தெரு கூடவே வராது! பள்ளிக்கூடத்தில் அப்படி ஒரு பாடத்தை எனக்கு யாரும் நடத்தியதில்லை.

அவர்களில் மூத்தவர் பெயர் நிமாய். இதற்கு முன் திருவள்ளூர்ப் பக்கம் வந்து கொஞ்சம் தமிழ் கற்றிருந்தார். இரண்டாம் நாள் மதியம் அம்மா தூக்கைத் திறந்ததும், ஏரிக் கெண்டைக் குழம்பின் வாசனைக்கு அவர் வரப்பைத் தாண்டி நேராக வந்து பெண்களுக்கு நடுவே உட்கார்ந்தார். "மாச்!" என்றார். மீனைத்தான் சொல்கிறார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"பூனையாட்டம் வராம்பாரு" என்று ராணி அத்தை சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அம்மா தன் தூக்கு மூடியிலேயே சோறும் இரண்டு துண்டு மீனும் வைத்துக் கொடுத்தாள். அவர் முள்ளைக்கூட விடாமல் சப்பிச் சாப்பிட்டார். எதிர் வரப்பில் நைனாவின் சம்சாரம் நின்று பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன்.

மூன்றாம் நாள் டீ வந்தபோது டம்ளர்கள் இல்லை. பன்னிரண்டு பேருக்கும் பேப்பர் கப். நிமாய் தன் கையிலிருந்த கப்பைப் பார்த்தார், அம்மா கையிலிருந்ததைப் பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டார்.

"எங்க ஊர்லயும் இதான் அக்கா. எனக்குத் தனி கிளாஸ்" என்றார்.

அப்படியானால் அவருக்கு எல்லாம் தெரிந்தே இருந்தது. இரண்டு நாள் ரயிலில் வந்து கிடைத்த டம்ளரை ஒரு துண்டுக் கெண்டைக்காகத் தெரிந்தே விட்டிருக்கிறார்.

அப்போது அவர்களுக்குப் பாக்கி இருந்தது இரண்டு பாய் விரிக்கிற அளவு சேறு. ஒரு ஆளுக்கே பத்து நிமிட வேலை. எங்கள் பெண்களுக்கோ இன்னும் ஒரு மணி நேர வேலை கிடந்தது. அம்மா டீயை மடக்கென்று குடித்துவிட்டுக் கழனியில் இறங்கினாள். நிமாய் வரப்பில் உட்கார்ந்தார். கப்பை முன்னால் வைத்தார். மற்ற பதினோரு பேரும் அப்படியே உட்கார்ந்தார்கள்.

"இன்னாடா குந்திக்கினீங்க? முடிச்சிட்டுக் குடிங்க!" என்று நைனா கத்தினார்.

"சூடு நைனா" என்றார் நிமாய்.

கால் மணி ஆனது, அரை மணி ஆனது. நைனா, அவர்களை அனுப்பிவைத்த ஏஜெண்டுக்குப் போன் போட்டு நிமாயின் காதில் வைத்தார். பிறகு ஏஜெண்டு சொன்னது எங்களுக்கே கேட்டது: "டீ சூடா கீதாம் சார், ஆறனதும் எறங்கறாங்களாம்." ராணி அத்தை சிரிப்பை அடக்க முடியாமல் நாற்றோடு சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா மட்டும் நிமிரவே இல்லை.

கடைசி நாற்றை நட்டு அவள் முதுகை நிமிர்த்தியபோது, ஆடை கட்டிக் கிடந்த அந்த டீயை நிமாய் ஒரே மூச்சில் குடித்தார், கழனியில் இறங்கினார், மிச்சத்தைப் பத்தே நிமிடத்தில் நட்டுவிட்டு ஏறினார். பன்னிரண்டு பேர் வெறுமனே உட்கார்ந்தே ஒரு காரியத்தைச் செய்து முடிக்க முடியும் என்பதை அன்றுதான் பார்த்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களில் என்னென்னவோ பார்த்துவிட்டேன், அதற்கு ஈடாக ஒன்றுமில்லை.

நைனா சொன்ன சொல்லை ஒரு போகத்துக்குக் காப்பாற்றினார். அடுத்த வருடம் எல்லாக் கழனியும் வேறொரு வங்காளக் கூட்டத்துக்குப் போனது. அம்மா செங்கல் சூளைக்குப் போனாள். நான் ஒன்பதாவதோடு நின்று, தெரு கூட வராத தூரத்தைத் தேடிக் கிளம்பினேன்: திருப்பூர், நெல்லூரில் இறால் உரிக்கும் ஷெட், குஜராத் கடற்கரையில் மீன் கம்பெனி. போன இடத்திலெல்லாம் முதல் வாரம் நல்ல டம்ளர்தான். பிறகு நம் பக்கத்து ஆள் யாராவது வந்து சேர்வார், ஊர் பெயரைக் கேட்பார், அடுத்து எந்தத் தெரு என்று கேட்பார்.

இந்தத் தை மாதம் ஊருக்குப் போயிருந்தேன். கொட்டகை பூட்டிக் கிடந்தது. கழனியில் ஒரு மிஷின் நட்டுக்கொண்டிருந்தது, பக்கத்தில் ஒரே ஒரு ஆள். கழுவ ஆளில்லை என்று நைனா வீட்டில் இப்போது வருகிறவர் எல்லோருக்கும் பேப்பர் கப்தானாம். அந்த வீட்டில் யாரை எங்கே நிறுத்துகிறார்கள் என்று டம்ளரை வைத்துக் கண்டுபிடித்த காலமும் போய்விட்டது. நிமாய் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை.

புது இடத்துக்குப் போன ஒரு மாதத்தில் அம்மா போன் செய்வாள். சம்பளத்தைக் கேட்கமாட்டாள், சாப்பாட்டைக் கேட்கமாட்டாள்.

"டீ இன்னாத்துலடி குடுக்கறாங்க?"

டம்ளரில் என்றால் டம்ளரில் என்பேன். இல்லையென்றால், "சூடா கீதும்மா, குந்திக்கினு கீறேன்" என்பேன். அந்தப் பக்கம் அவள் சிரிப்பது கேட்கும்.