செடிக்குப் பயப்படாத கொசு

குறைமாதத்தில் பிறந்த என் மகளுக்கு மூச்சுத்திணறல். கொசுவத்திப் புகையே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போடியில் எங்கள் வீடு சாக்கடையை ஒட்டியது. வலை கட்டினாலும் கொசு உள்ளே புகுந்துவிடும். நான் கெஞ்சியதால், குரங்கணி மலைக்கு ஜீப் ஓட்டும் என் கணவர், கொசுவை விரட்டும் என்று சொல்லப்படும் நொச்சிச் செடிகளைக் கொண்டுவந்தார். துளசியும் சேர்த்துத் தொட்டிலைச் சுற்றி வைத்தேன்.

"செடிக்குக் கொசு பயந்துருமாக்கும்?" என்று சிரித்தார்.

அன்று பொழுது சாய்ந்ததும் பிள்ளையின் நெற்றியில் மறுபடி தடிப்பு. அழுதபடி செடிகளை எட்டி உதைத்தேன். பிறகு சேலையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு தொட்டிலடியில் உட்கார்ந்தேன். என்னைக் கடிக்கட்டும்.

வேலை முடிந்து வந்தவர், "என்ன புள்ள இது?" என்றார். சொன்னேன். இந்தமுறை அவர் சிரிக்கவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"நீ போய்ச் சாப்புடு. எனக்கு ஒடம்பு பெருசு, எல்லாம் எங்கிட்ட வந்துரும்."

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். நொச்சியும் வளர்ந்துவிட்டது. ஆனாலும் நான் நம்புவது, அன்று கொசுக்கடியில் தடித்துச் சிவந்திருந்த அவர் முதுகைத்தான்.